லண்டன் மேயர்: அதிகாரமும் அதன் எல்லைகளும்

பிரிட்டனில் தனது சொந்தப் பெயரில் மிக அதிகமான மக்களின் நேரடி வாக்குகளைப் பெற்றுப் பதவிக்கு வருபவர் அந்நாட்டின் பிரதமர் அல்லர். லண்டன் மாநகரின் மேயர்தான். பிரதமராக இருப்பவர் தமது நாடாளுமன்றத் தொகுதியில் சில பத்தாயிரம் வாக்குகளைப் பெற்றிருந்தாலே போதும். ஆனால், 2024 ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாவது முறையாக லண்டன் மேயராகத் தெரிவு செய்யப்பட்ட சாதிக் கான் பெற்ற வாக்குகள் 10 லட்சத்துக்கும் அதிகம்.

ஆயினும், அந்த மேயரால் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கவோ, ஒரு மருத்துவமனையைத் திறக்கவோ, வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கவோ முடியாது. வீதியில் குப்பை அள்ளும் பொறுப்புக்கூட அவருடையது அல்ல. இவ்வளவு பெரிய மக்கள் ஆணையும் இவ்வளவு குறுகிய அதிகார எல்லையும் ஒரே பதவியில் எப்படி இணைந்தன என்பதை அறிய, லண்டனின் கடந்த அரை நூற்றாண்டு கால வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே நகரில் பல மேயர்கள்

லண்டனில் 'மேயர்' என்ற பெயரில் பலர் இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குழப்பத்தை ஏற்படுத்துவது வழக்கம்.

நகரின் நடுவே, சுமார் ஒரு சதுர மைல் பரப்பில் அமைந்துள்ள 'சிட்டி' எனப்படும் நிதி வர்த்தகப் பகுதிக்கு 'லார்ட் மேயர்' ஒருவர் உண்டு. 12 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொடரும் இப்பதவி ஆண்டுதோறும் புதியவர் ஒருவருக்கு வழங்கப்படுவது மரபு. இவருக்கும் லண்டன் மேயருக்கும் நிர்வாகத் தொடர்பு எதுவுமில்லை.

சிட்டிக்கு வெளியே லண்டன் பெருநகரம் 32 'பரோ'க்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவை ஒவ்வொன்றும் தனித்தனி உள்ளூராட்சி மன்றங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் கவுன்சிலர்கள் தமக்குள் ஒருவரை ஓராண்டுக்கு மேயராகத் தெரிவு செய்கின்றனர். கழுத்தில் பதவிச் சங்கிலி அணிந்து, மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கி, பொது நிகழ்ச்சிகளில் பங்கேற்பதே இவர்களது பணி. தமிழர்கள் சிலரும் லண்டன் பரோக்களில் இப்பொறுப்பை வகித்திருக்கின்றனர். நிர்வாக அதிகாரம் மன்றத்தின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரிடமே இருக்கும்.

நியூஹாம், ஹாக்னி, லூயிஷம், டவர் ஹாம்லெட்ஸ், குரோய்டன் ஆகிய ஐந்து பரோக்களில் மட்டும் மக்களே நேரடியாகத் தெரிவு செய்யும், நிர்வாக அதிகாரம் கொண்ட மேயர் முறை நடைமுறைக்கு வந்தது. இவற்றுள் கடைசியாக 2022 இல் இம்முறைக்கு மாறியது குரோய்டன்.

இவர்கள் எல்லோருக்கும் மேலாக, லண்டன் பெருநகரம் முழுவதற்குமாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரிவு செய்யப்படுபவரே லண்டன் மேயர்.

கலைக்கப்பட்ட மாநகர அரசு

இப்பதவியின் வயது கால் நூற்றாண்டு மட்டுமே. அதற்கு முன்னர், 1965 முதல் 1986 வரை, பெருநகர லண்டன் கவுன்சில் என்ற அமைப்பு நகர நிர்வாகத்தைக் கவனித்து வந்தது. அதன் தலைவராக 1981 இல் பொறுப்பேற்றவர், தொழிற்கட்சியின் இடதுசாரி அணியைச் சேர்ந்த கென் லிவிங்ஸ்டன்.

அவரது நிர்வாகம் எடுத்த முதல் பெரிய நடவடிக்கை, பேருந்து மற்றும் சுரங்க ரயில் கட்டணங்களைக் கணிசமாகக் குறைத்தது. அதனால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய உள்ளூர் வரி உயர்த்தப்பட்டது. சுரங்க ரயில் சேவையே இல்லாத தமது பகுதி மக்கள் எதற்காக இந்தச் சுமையை ஏற்க வேண்டும் என்று கேட்டு, தென்கிழக்கு லண்டனின் புரொம்லி பரோ நீதிமன்றம் சென்றது. அந்தக் கட்டணக் குறைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று 1981 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டே கட்டணங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின.

தேம்ஸ் நதியின் ஒரு கரையில் நாடாளுமன்றம், எதிர்க்கரையில் லிவிங்ஸ்டனின் கவுன்சில் கட்டடம். வேலையில்லாதோரின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்துக்களில் தமது கட்டடத்தின் உச்சியில் வைத்து, எதிர்க்கரையில் இருந்த மார்கரெட் தாட்சரின் அரசுக்குக் காட்டினார் அவர். இந்த மோதலுக்கு முடிவு நாடாளுமன்றத்திலிருந்து வந்தது. 1985 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் மூலம், 1986 மார்ச் மாத இறுதியுடன் பெருநகர லண்டன் கவுன்சில் அடியோடு ஒழிக்கப்பட்டது.

அடுத்த 14 ஆண்டுகள் முழு லண்டனுக்குமான, மக்களால் தெரிவு செய்யப்பட்ட நிர்வாகம் என்று ஒன்றும் இருக்கவில்லை. கவுன்சிலின் பணிகள் பரோக்களுக்கும், மத்திய அரசுக்கும், நியமன உறுப்பினர்களைக் கொண்ட பல்வேறு வாரியங்களுக்குமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

எழுதப்பட்ட அரசியல் சாசனம் இல்லாத பிரிட்டனில், ஒரு நகரின் ஆட்சியமைப்பு நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டமொன்றால் உருவாக்கப்படுகிறது. இன்னொரு சட்டத்தால் இல்லாமலாக்கப்படவும் முடியும். லண்டன் மேயரின் அதிகாரம் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேயர் பதவியின் பிறப்பு

1997 இல் ஆட்சிக்கு வந்த டோனி பிளேயரின் தொழிற்கட்சி அரசு, லண்டனுக்கு மீண்டும் ஒரு நிர்வாகத்தை வழங்க முன்வந்தது. 1998 மே மாதம் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 72 சதவீதத்தினர் அதற்கு ஆதரவு தெரிவித்தனர். ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே.

1999 இல் நிறைவேறிய சட்டத்தின்படி முதல் தேர்தல் 2000 மே மாதம் நடந்தது. தொழிற்கட்சி தம்மை வேட்பாளராக ஏற்காததால் சுயேச்சையாகப் போட்டியிட்டு, கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட கென் லிவிங்ஸ்டனே அதில் வெற்றி பெற்றார். தொழிற்கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவரைத் தொடர்ந்து 2008 முதல் 2016 வரை கன்சர்வேட்டிவ் கட்சியின் போரிஸ் ஜான்சனும், 2016 இல் தொழிற்கட்சியின் சாதிக் கானும் இப்பதவிக்கு வந்தனர். ஒருவர் எத்தனை முறை இப்பதவியை வகிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இல்லை.

போக்குவரத்து: மேயரின் முதன்மைக் களம்

மேயரின் கையில் உள்ள அதிகாரங்களில் மிக வலுவானது போக்குவரத்து. 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' என்ற பொது நிறுவனத்தின் இயக்குநர் குழுவை நியமிப்பவர் அவரே. அதன் தலைவராகவும் அவர் இருக்கலாம். பேருந்துகள், சுரங்க ரயில்கள், முக்கிய வீதிகள் ஆகியன இந்நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. பயணக் கட்டணத்தை நிர்ணயிப்பவரும் மேயரே.

நகர மத்திக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை 1999 ஆம் ஆண்டுச் சட்டம் மேயருக்கு வழங்கியிருந்தது. அதைப் பயன்படுத்தி 2003 பிப்ரவரி 17 ஆம் தேதி நாளொன்றுக்கு 5 பவுண்ட் கட்டணத்தை லிவிங்ஸ்டன் அறிமுகப்படுத்தினார். 2007 இல் அவர் அதை மேற்கு நோக்கி விரிவாக்கினார். ஜான்சன் அந்த விரிவாக்கத்தைப் பின்னர் நீக்கினார். மேயர் மாறினால் நகரின் வரைபடத்தில் ஒரு கட்டண எல்லையே இடம்மாறக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஆனால் இந்த முதன்மைக் களத்திலும் மேயருக்குத் தடைகள் உண்டு. சுரங்க ரயில் பாதைகளின் பராமரிப்பை நீண்டகால ஒப்பந்தங்கள் மூலம் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்க மத்திய அரசு முடிவு செய்தபோது, அதை எதிர்ப்பதாக வாக்குறுதி அளித்து வென்றிருந்த லிவிங்ஸ்டன் நீதிமன்றம் சென்றார். 2001 இல் நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒப்பந்தங்கள் கையெழுத்தான பின்னர்தான், 2003 ஜூலையில், சுரங்க ரயில் சேவை மேயரிடம் வந்து சேர்ந்தது. ஒப்பந்த நிறுவனங்களில் பெரியதான மெட்ரோநெட் 2007 இல் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. அதன் பணிகளை ஏற்று நடத்தும் சுமை பொது நிறுவனத்தின் மீதே விழுந்தது.

புறநகர் ரயில் சேவைகளையும் தமது பொறுப்பில் தருமாறு மேயர்கள் விடுத்த கோரிக்கையை 2016 டிசம்பரில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் நிராகரித்தார். அச்சேவைகள் தொழிற்கட்சி மேயர் ஒருவரின் கைக்குப் போவதைத் தாம் விரும்பவில்லை என்று அவர் 2013 இலேயே எழுதியிருந்த கடிதமொன்று அப்போது வெளிவந்து சர்ச்சையை ஏற்படுத்தியது.

காவல்துறையும் நகரத் திட்டமிடலும்

2012 ஜனவரி முதல், சிட்டி பகுதி நீங்கலாக லண்டன் முழுவதற்குமான பெருநகரக் காவல்துறையின் முன்னுரிமைகளை வகுப்பதும், அதன் வரவுசெலவுத் திட்டத்தைத் தீர்மானிப்பதும் மேயரின் பொறுப்பாயின. ஆனால் யாரைக் கைது செய்வது, எந்த வழக்கை விசாரிப்பது என்பன போன்ற அன்றாட நடவடிக்கைகளில் அவர் தலையிட முடியாது.

காவல்துறைத் தலைவரை உள்துறை அமைச்சரின் பரிந்துரையின் பேரில் முடியே நியமிக்கிறது. மேயரின் கருத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று மட்டுமே சட்டம் கூறுகிறது. இருந்தபோதிலும், மேயரின் நம்பிக்கையை இழந்த ஒருவர் அப்பதவியில் நீடிப்பது கடினம் என்பது இருமுறை உணரப்பட்டது. 2008 அக்டோபரில் போரிஸ் ஜான்சனின் ஆதரவு இல்லை என்று தெரிந்ததும் சர் இயன் பிளேர் பதவி விலகினார். 2022 பிப்ரவரியில் சாதிக் கான் தமக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிவித்ததை அடுத்து கிரெசிடா டிக் விலகினார். இரு சந்தர்ப்பங்களிலும் மேயர் பயன்படுத்தியது சட்டம் தந்த பதவிநீக்க அதிகாரத்தை அல்ல, மக்கள் ஆணை தந்த அரசியல் செல்வாக்கை.

நகரின் எப்பகுதியில் எவ்வளவு வீடுகள், எவ்வளவு உயரக் கட்டடங்கள் என்பவற்றுக்கான 'லண்டன் திட்டம்' என்ற அடிப்படை ஆவணத்தை வகுப்பவரும் மேயரே. பரோக்கள் தமது திட்டங்களை அதற்கு இசைவாகவே அமைக்க வேண்டும். பெரிய கட்டுமான விண்ணப்பங்களில் பரோவின் முடிவைத் தடுக்கவும், விண்ணப்பத்தைத் தாமே எடுத்துத் தீர்மானிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மலிவு விலை வீடுகளுக்கான அரசு நிதியைப் பகிர்ந்தளிப்பதும், தீயணைப்புச் சேவையை மேற்பார்வை செய்வதும் அவரது பொறுப்புகளே.

பணம் யார் கையில்?

மேயரின் மிகப் பெரிய பலவீனம் நிதி. அவரால் வருமான வரியோ விற்பனை வரியோ விதிக்க முடியாது. பரோக்கள் வீடுகளிடமிருந்து வசூலிக்கும் கவுன்சில் வரியில் ஒரு கூறு, வணிக இடங்களின் மீதான வரியில் ஒரு பங்கு, பயணிகளின் கட்டணம், மத்திய அரசின் மானியம் ஆகியவையே அவரது முக்கிய வருவாய் வழிகள்.

போரிஸ் ஜான்சன் நியமித்த லண்டன் நிதி ஆணையம் 2013 இல் இதை ஓர் ஒப்பீட்டின் மூலம் சுட்டிக்காட்டியது. லண்டனில் மக்களும் வணிக நிறுவனங்களும் செலுத்தும் மொத்த வரியில் மேயரும் பரோக்களும் கையாள்வது சுமார் 7 சதவீதம் மட்டுமே. நியூயார்க்கில் இதற்கு இணையான அளவு 50 சதவீதத்துக்கும் மேல்.

இதன் விளைவு கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. போக்குவரத்துச் சேவையின் அன்றாடச் செலவுகளுக்கான மத்திய அரசின் மானியம் 2018 இல் முற்றாக நிறுத்தப்பட்டிருந்தது. பெருமளவில் பயணிகளின் கட்டணத்தையே நம்பியிருந்த நிறுவனம், 2020 வசந்த காலத்தில் ரயில்களும் பேருந்துகளும் வெறுமையானபோது நிலைகுலைந்தது. மே மாதம் அரசு 1.6 பில்லியன் பவுண்ட் உதவி அளித்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. இயக்குநர் குழுக் கூட்டங்களில் அரசின் பிரதிநிதிகள் அமர்ந்தனர், பயணக் கட்டணத்தை உயர்த்த வேண்டியதாயிற்று, நெரிசல் கட்டணம் 15 பவுண்டாக உயர்ந்தது. நான்கு ஆண்டுகளாக முக்கியக் கட்டணங்களை உயர்த்தாமல் வைத்திருந்த மேயரின் கொள்கை இவ்வாறு முடிவுக்கு வந்தது.

எனினும், கையில் உள்ள பணத்தைக் கொண்டு சட்டம் நேரடியாக ஒப்படைக்காத துறைகளிலும் மேயர் செல்வாக்குச் செலுத்த முடியும். லண்டனின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் 2023 செப்டம்பர் முதல் இலவச மதிய உணவுக்கான நிதியை மேயர் வழங்கியது இதற்கு உதாரணம். பள்ளிகள் அவரது பொறுப்பில் இல்லை. உணவுக்கான காசோலை மட்டும் அவருடையது.

கேள்வி கேட்பவர்கள்

மேயரைக் கண்காணிக்க 25 உறுப்பினர்களைக் கொண்ட லண்டன் அசெம்பிளி உள்ளது. ஆண்டுக்கு பத்து முறை மேயர் அதன் முன் தோன்றிக் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும். அவரது வரவுசெலவுத் திட்டத்தைத் திருத்துவதற்கு அசெம்பிளியில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மேயரின் கட்சிக்கு ஒன்பது உறுப்பினர்கள் இருந்தாலே அந்தத் திருத்தத்தைத் தடுத்துவிடலாம் என்பதால், நடைமுறையில் அசெம்பிளியின் பிடி தளர்வானதே. கொள்கை வேறுபாட்டுக்காக மேயரைப் பதவி நீக்கம் செய்யும் அதிகாரமும் அதற்குக் கிடையாது.

காற்றின் மீதான சர்ச்சை

மேயரின் அதிகாரம் சாதாரணக் குடும்பங்களின் வாழ்வை எந்த அளவுக்குத் தொடும் என்பதை, பழைய வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் கட்டணம் விதிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வலயம் காட்டியது. 2019 இல் நகர மத்தியில் தொடங்கிய இவ்வலயம், 2021 இல் விரிவாக்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 29 ஆம் தேதி லண்டன் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது.

தென்கிழக்கு லண்டனில் 2013 இல் உயிரிழந்த 9 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்திருந்தார். இத்தகைய இழப்புகளைத் தடுப்பதே தமது நோக்கம் என்றது மேயர் தரப்பு. ஆனால் சுரங்க ரயில் வசதி குறைந்த புறநகர்ப் பகுதிகளில், பழைய டீசல் வேனில் தொழிலுக்குச் செல்பவர்களும், இரவுப் பணி முடித்துக் காரில் திரும்புபவர்களும் இக்கட்டணத்தைக் கடுமையாக எதிர்த்தனர். தமிழர்கள் கணிசமாக வாழும் ஹாரோ உட்பட நான்கு பரோக்களும், அண்டை மாவட்டமான சர்ரேயின் மன்றமும் வழக்குத் தொடுத்தன. 1981 இல் லிவிங்ஸ்டனுக்கு எதிராக வென்ற புரொம்லியும் அவற்றுள் ஒன்று.

இம்முறை முடிவு வேறாக இருந்தது. மேயர் தமது சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டே செயல்பட்டார் என்று 2023 ஜூலையில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னர் நடந்த அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி 495 வாக்குகளில் தோற்றபோது, இக்கட்டணமே காரணமாகக் கூறப்பட்டது. எனினும், அடுத்த ஆண்டு மேயர் தேர்தலில் சாதிக் கான் மீண்டும் வென்றார்.

டொரொன்டோ, சென்னை, யாழ்ப்பாணம்

நகர அரசுக்கும் அதற்கு மேலுள்ள அரசுக்கும் இடையிலான இந்த இழுபறி லண்டனுக்கு மட்டும் உரியதல்ல.

கனடாவின் டொரொன்டோவில் மேயர் நேரடியாகத் தெரிவு செய்யப்பட்டாலும், நீண்ட காலமாக அவர் மாநகர சபையில் ஒரேயொரு வாக்கையே உடையவராக இருந்தார். 2018 இல் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, 47 ஆகவிருந்த சபைத் தொகுதிகளை 25 ஆக ஒன்டாரியோ மாகாண அரசு குறைத்தது. அதற்கு மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்று கனடிய உச்சநீதிமன்றம் 2021 இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதே மாகாண அரசு 2022 இல், சில விடயங்களில் சபையின் மூன்றில் ஒரு பங்கு ஆதரவுடனேயே விதிகளை நிறைவேற்றும் அதிகாரத்தை மேயருக்கு வழங்கியது. குறைத்ததும் கூட்டியதும் ஒரே கைதான்.

சென்னையில் 1996 இல் மேயர் நேரடித் தேர்தல் மூலம் தெரிவானார். பின்னர் தெரிவு முறை பலமுறை மாற்றப்பட்டது. 2022 இல் கவுன்சிலர்களே மேயரைத் தெரிவு செய்தனர். எப்படித் தெரிவானாலும், நிர்வாகம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரின் கையிலேயே இருந்து வருகிறது. 2016 அக்டோபருக்குப் பின்னர் 2022 வரை அங்கு தெரிவு செய்யப்பட்ட மன்றமே இருக்கவில்லை. இலங்கையில் யாழ்ப்பாணம் உட்பட உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தும், தேர்தல் நடந்தது 2025 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் அதிகாரிகளே நிர்வாகத்தைக் கவனித்தனர்.

யார் வாக்களிக்கலாம்?

லண்டனில் வாழும் தமிழர்கள் பலர் அறியாத ஒன்று, மேயர் தேர்தலில் வாக்களிக்க பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை என்பது. பிரிட்டனில் வசிக்க அனுமதி பெற்ற இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், வாக்களிக்கும் வயதை எட்டி, வாக்காளர் பட்டியலில் பதிவு செய்திருந்தால் வாக்களிக்கலாம்.

பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளின் குடியுரிமையுடன் லண்டனில் குடியேறிய தமிழர்களின் நிலை வேறு. 2024 மே மாதத்துக்குப் பின்னர், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களில் 2020 ஆம் ஆண்டின் இறுதிக்கு முன்பிருந்தே பிரிட்டனில் சட்டபூர்வமாக வசித்து வருபவர்களுக்கும், தனி உடன்பாடு உள்ள சில நாடுகளின் குடிமக்களுக்குமே இவ்வுரிமை வரையறுக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து, நோர்வே குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் வாக்களிக்க முடியாது. 2024 தேர்தலில் வாக்குச்சாவடிக்குச் சென்றவர்கள் புகைப்பட அடையாள அட்டையும் காட்ட வேண்டியிருந்தது.

லண்டன் மேயரின் அலுவலகம் 2022 ஆம் ஆண்டிலிருந்து நியூஹாமில், தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட்ஹாமிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கட்டடம் ஒன்றில் இயங்கி வருகிறது. முன்னாளில் லிவிங்ஸ்டன் வேலையில்லாதோர் எண்ணிக்கையை எழுதிவைத்த பழைய கவுன்சில் கட்டடமோ விற்கப்பட்டு, விடுதிகளும் மீன் காட்சியகமும் கொண்ட உல்லாச இடமாக மாறிவிட்டது. நகரின் ஆட்சியமைப்பை ஆக்கவும் அழிக்கவும் வல்லது எது என்பதற்கு அக்கட்டடம் இன்றும் சான்றாக நாடாளுமன்றத்தின் எதிர்க்கரையில் நிற்கிறது.